ஃபோர்மேன் வாயைக் கட்டிய கதை

“டே—” என்று ஆரம்பித்த ஃபோர்மேன் பட்டென்று வாயை மூடிக்கொண்டார்.

மேலே ஒரு பேருந்து. கீழே, அதன் வயிற்றை அண்ணாந்து பார்த்து வேலை செய்வதற்கென்றே வெட்டிய குழி. குழிக்குள் ஃபோர்மேன். ஒரு கை எண்ணெய்க் குழாயை அழுத்திப் பிடித்திருக்கிறது. இன்னொரு கை ஸ்பேனருக்காகக் குழிக்கு வெளியே நீண்டிருக்கிறது. ஸ்பேனர் கிடப்பது வெல்டரின் காலடியில். வெல்டரோ வேறு பக்கம் பார்த்தபடி டீயை ஊதிக்கொண்டிருக்கிறார்.

முந்தாநாளாக இருந்தால், “டேய், ஆம்பளையா லட்சணமா வேலையைப் பாருடா!” என்று ஒரு சத்தம் போதும். ஸ்பேனர் பறந்து வந்திருக்கும். இன்றைக்கு அந்த வாக்கியத்தில் ‘டேய்’ போயிற்று. ‘ஆம்பளை’ போயிற்று. கடைசி ‘டா’வும் போயிற்று. மிச்சம் நிற்பது ஒரே ஒரு வார்த்தை.

“லட்சணமா!” என்று கத்திப் பார்த்தார் ஃபோர்மேன்.

யாரும் திரும்பவில்லை.

“பணியாளரே!”

பணிமனையே திரும்பியது. பெயிண்டர் பிரஷைப் போட்டுவிட்டு ஓடி வந்தார். டயர்காரர் டயரை உருட்டிக்கொண்டே வந்தார். அத்தனை பேரும் குழியைச் சுற்றி நின்று, “என்னாச்சு, என்னாச்சு?” என்று எட்டிப் பார்த்ததில் உள்ளே இருந்த வெளிச்சமும் போயிற்று. ஃபோர்மேனின் கை நழுவியது. எண்ணெய் பீய்ச்சி அடித்தது.

“கூப்பிட்டீங்களா?” என்றார் வெல்டர், டீயை முடித்துவிட்டு, நிதானமாக.

“கூப்பிட்டேன்,” என்றார் ஃபோர்மேன், இமையிலிருந்து எண்ணெயை வழித்தபடி. “ஒருத்தரைத்தான் கூப்பிட்டேன். ஊரே வந்துடுச்சு.”

இப்படி வாயைக் கட்டிக்கொள்ளும்படி என்ன வந்தது என்று கேட்பீர்கள். சொல்கிறேன்.

பணிமனையின் பின்பக்கம் ஒரு கொட்டகை உண்டு. பெரிய ஜன்னல்கள், நல்ல வெளிச்சம், உள்ளே முழுக்கத் தேய்ந்த டயர்கள். அந்தக் கொட்டகையைத் துடைத்துப் பெருக்கிப் பயிற்சிக்கூடமாக்கி, எஞ்சின் வேலையைப் புதியவர்களுக்குக் கற்றுக்கொடுக்க வேண்டும் என்பது ஃபோர்மேனின் நெடுநாள் ஆசை. பகலில் அந்த ஜன்னலைக் கடக்கும்போதெல்லாம் உள்ளே எட்டிப் பார்ப்பார். டயர்கள் இருக்கும் இடத்தில் அவர் கண்ணுக்கு மேசைகள் தெரியும்.

தலைமை அலுவலகம் ஒரு தடவை சோதனைக்காகச் சிலரை அனுப்பியும் வைத்தது. வந்தவர்களில் இரண்டு பெண்கள். முதல் வாரத்திலேயே ஃபோர்மேன், “பொம்பளையாட்டம் ஸ்பேனரைத் தடவாதே, பிடிச்சுத் திருகு!” என்று ஒரு அதட்டுப் போட்டார். மறுநாள் இரண்டு பேரும் வரவில்லை. ஃபோர்மேனுக்கு அது மனதில் முள்ளாகத் தைத்தது. பள்ளிக்கூடம் முடித்த கையோடு அவர் இந்தப் பட்டறைக்குள் வந்தபோது, இதே வார்த்தைகளைக் கேட்டுத்தான் வேலை கற்றார். கேட்டுவிட்டு டயர் குவியலுக்குப் பின்னால் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்ட நாட்களும் உண்டு. அப்புறம் காது மரத்துப் போனது. காதில் விழுந்ததெல்லாம் மெல்ல வாய்க்கு இறங்கிவிட்டது. பாவம், தன் வாயில் யாருடைய பேச்சு ஓடுகிறதென்று யாருக்குத்தான் தெரிகிறது?

இந்த முறை தலைமை அலுவலக அதிகாரி நேரிலேயே வந்து சொல்லிவிட்டார்.

“கொட்டகை தர்றோம். ரெண்டே நிபந்தனை. பத்துப் பேர் சேரணும். ஒருத்தர் குறைஞ்சாலும் உள்ள பழையபடி டயர்தான். அடுத்தது, உங்க பேச்சு. ஆண், பெண்ணுன்னு பிரிச்சுக் காட்டி யாரையும் கூப்பிடக் கூடாது, திட்டக் கூடாது, பாராட்டவும் கூடாது. திறப்பு விழாவுல நான் முன் வரிசையில உட்கார்ந்து கேப்பேன்.”

“இது என்ன பெரிய மலையைப் புரட்டுற வேலையா?” என்றார் ஃபோர்மேன். “எத்தனையோ முரட்டு எஞ்சினை வழிக்குக் கொண்டு வந்திருக்கேன். ஒரு முழ நாக்கு வராதா?”

“ஃபோர்மேன்ங்கற பேர்லயே ஒரு ‘மேன்’ ஒட்டிக்கிட்டிருக்கே?” என்று இடையில் புகுந்தார் வெல்டர்.

“அது பாட்டுக்கு இருக்கட்டும். உழைச்சு வாங்கின பேரு. அதுல மட்டும் யாரும் கை வைக்கக் கூடாது!”

அதிகாரி சிரித்துக்கொண்டே தலையசைத்துவிட்டுப் போனார். அப்படி ஆரம்பித்ததுதான் இந்தக் கூத்து.

எண்ணெய் அபிஷேகம் முடிந்ததும் ஃபோர்மேன் ஒரு வழி கண்டுபிடித்தார். “இனிமே அவங்கவங்க வேலை செய்யற குழியை வச்சுக் கூப்பிடுறேன். ஒண்ணாம் குழி, ரெண்டாம் குழி. குழப்பமே இல்ல.”

உண்மையிலேயே குழப்பம் இல்லை. ஆனால் மதியம் பேருந்துக்குக் காத்திருந்த பயணி ஒருவர், “நாலாம் குழி இன்னும் சாப்பிடலையா? மூணாம் குழியையும் கூட்டிட்டுப் போ! ரெண்டாம் குழிக்குக் காய்ச்சல், மண்ணுல படுக்க வைக்காதீங்க!” என்ற குரலைச் சுவருக்கு அப்பாலிருந்து கேட்டுவிட்டு, அடுத்த நிறுத்தத்துக்கு நடந்தே போய்விட்டார்.

“உயிரோட இருக்கறப்பவே குழியில இறக்கிட்டீங்களே,” என்றார் வெல்டர். “சம்பளம் வாங்குற அன்னிக்காவது வெளிய எடுப்பீங்களா?”

“வாயைக் குறை, மூணாம் குழி!”

குறைந்தது ஃபோர்மேனின் குரல்தான். ஒரு ‘டேய்’ செலவாகிற இடத்தில் “மூன்றாம் குழிப் பணியாளர் அவர்களே” என்று நாள் முழுக்க முழங்கினால் எந்தத் தொண்டை தாங்கும்? சாயங்காலம் வீட்டுக்குப் போகும்போது, சைலன்சர் ஓட்டையான வண்டி மாதிரி ஒரு சத்தம்தான் மிச்சம் இருந்தது.

வீட்டில் மகள் கைகொடுத்தாள். “பட்டறையில மட்டும் பழகினா நாக்கு திரும்பாது. வீட்டுலயும் பழகணும். இன்னிலேர்ந்து இங்கேயும் அதே சட்டம்.” என்று சொல்லிவிட்டு உடனே ஆரம்பித்தாள்: “பெற்றோரே, தண்ணி வேணுமா?”

“இந்த வீட்டுல ரெண்டு பெற்றோர் இருக்கோம். யாரைக் கேக்குற?” என்று தையல் மெஷினிலிருந்து குரல் வந்தது.

“சரி. பெற்றோர் ஒண்ணு, பெற்றோர் ரெண்டு.”

“நான் ஏன் ரெண்டு?”

“யாரு சத்தமாப் பேசறாங்களோ அவங்க ஒண்ணு.”

பெற்றோர் இரண்டு அதற்குமேல் வாதாடவில்லை. ஊசியில் நூலைக் கோத்துக்கொண்டே, “பட்டறைப் பேச்சை வாசல்ல செருப்போட விட்டுட்டு வரணும்னு கல்யாணம் ஆன நாள்லேர்ந்து சொல்றேன். இப்பவாவது மேலிடத்துலேர்ந்து உத்தரவு வந்ததே,” என்று மட்டும் சொன்னார். அப்புறம் மனம் இளகி, “சரி, விழாப் பேச்சைப் பேசிக் காட்டு. தப்பு வர்ற இடத்துல மெஷினை ஒரு மிதி மிதிக்கிறேன். அதை வச்சுத் திருத்திக்க,” என்றார்.

ஃபோர்மேன் கூடத்தின் நடுவில் நின்று தொண்டையைக் கனைத்தார். “அருமைச் சகோதர—”

டகடகடக.

“வருங்காலச் சிங்கங்களே!”

மகள் யோசித்தாள். “சிங்கம் ஆணா பெண்ணா?”

“கிட்டப் போய்ப் பார்த்தவங்க யாரு?” என்றார் பெற்றோர் இரண்டு. ஆனாலும் சந்தேகத்துக்கு ஒரு மிதி மிதித்து வைத்தார். டகடக.

“வீட்டுக்கு விளக்கேத்த வந்த—” டகடகடக. “மீசையை முறுக்கிக்கிட்டு—” டகடகடகடக. “ஒரு தாய் வயித்துப் பிள்ளைங்க மாதிரி—”

“தாய் போகலாமா?” என்று மகளைக் கேட்டார் பெற்றோர் இரண்டு.

“தாய்தானே பெத்தாங்க? அது போகட்டும்.”

மிதி இல்லை. ஃபோர்மேன் நிம்மதியாக மூச்சு விட்டார். பேச்சு ஒருவழியாக முடிந்தபோது ஒரு பிழையும் இல்லை. ஆனால் மெஷினில் கிடந்த வாடிக்கையாளரின் சட்டையில் இரண்டு கைகளின் வாயும் தைத்து மூடிக் கிடந்தது.

“போட்டா கை வெளிய வராது,” என்று அதைத் தூக்கிப் பார்த்தாள் மகள்.

“பேச்சு வந்துடுச்சுல்ல?” என்றார் பெற்றோர் இரண்டு, பிரிக்கும் ஊசியைத் தேடிக்கொண்டே. எவ்வளவு நல்ல மனசு பாருங்கள்.

மறுநாள் ஃபோர்மேன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு பணிமனைக்கு வந்தார். ஒன்பது பேர் சேர்ந்தாயிற்று. பத்தாவதாக ஒரு கடிகாரக் கடைக்காரரின் மகள் பெயர் கொடுத்திருந்தாள். அவளுக்கு எஞ்சின் என்றால் உயிர். கடிகாரக்காரருக்கு மகள் என்றால் உயிர். அவர்தான் போனில் கூப்பிட்டார்.

ஃபோர்மேனின் தொண்டை அதற்குள் முழுசாகப் படுத்துவிட்டதால் வெல்டர் போனை எடுத்து, எல்லாரும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டார். பத்தாவது ஆளை எப்படியாவது உள்ளே இழுத்துவிடு என்று ஃபோர்மேன் ஜாடை காட்டினார். விதியை மீறிவிடாதே என்று உதட்டின் மேல் விரலையும் வைத்தார்.

“பொண்ணை அனுப்புறதுக்கு முன்னாடி ரெண்டு விஷயம் தெரிஞ்சுக்கணும்,” என்றார் கடிகாரக்காரர். “அங்க பொண்ணுங்க எத்தனை பேரு சேர்ந்திருக்காங்க?”

வெல்டர் ஃபோர்மேனைப் பார்த்தார். ஃபோர்மேன் விரலை ஆட்டினார்.

“அப்படிப் பிரிச்சு எண்ணுற வழக்கம் இப்ப இங்க இல்லீங்க. எல்லாரும் பயிலுநர்கள்.”

“சரி. தங்குறது எங்க?”

“பயிலுநர் விடுதியில.”

“பொண்ணுங்களுக்குத் தனியா இருக்கா?”

“பயிலுநர்களுக்குத் தனியா இருக்குங்க.”

“யாருகிட்டேர்ந்து தனியா?”

வெல்டர் கொஞ்சம் யோசித்தார். “பயிலுநர் இல்லாதவங்ககிட்டேர்ந்து.”

போனில் ஒரு ‘ம்ஹூம்’ கேட்டது. ஆள் நழுவுகிறார் என்று பதறிய ஃபோர்மேன், “பாதுகாப்பைச் சொல்லு, பாதுகாப்பை!” என்று காற்றுக் குரலில் சீறினார்.

வெல்டருக்கு உற்சாகம் பிறந்துவிட்டது. “நீங்க பயப்படவே வேணாங்க! விடுதியில எங்க ஃபோர்மேனும் கூடவே தங்கப் போறாங்க.”

“யாரு?”

“ஃபோர்மேனுங்க! ராத்திரி எழுந்து ஒவ்வொரு அறையா ரவுண்டு வருவாங்க. பிள்ளைங்க தூங்குதா, போர்வை விலகியிருக்கா, எல்லாத்தையும் பார்த்து அவங்களே இழுத்துப் போர்த்தி விட்டுருவாங்க. அவ்வளவு அக்கறை!”

“போர்வையா?”

“ஆமாங்க. அதுவும் புதுசா வந்த பிள்ளைங்கன்னா எங்க ஃபோர்மேனுக்குத் தனிப் பிரியம்!”

போனில் ஏதோ விழுந்த சத்தம் கேட்டது. சுவர்க் கடிகாரமாக இருக்கலாம்.

“நாளைக்கு நானே நேர்ல வர்றேன்,” என்றார் கடிகாரக்காரர், பல்லைக் கடித்துக்கொண்டு. “வாசல்ல நிப்பேன். மனசுக்குச் சரின்னு பட்டாத்தான் பொண்ணு உள்ள வருவா. இல்லேன்னா அப்படியே திரும்பிடுவோம்.”

வெல்டர் போனை வைத்தார். “உருகிட்டார் போல. பேச்சே வரலை.”

ஃபோர்மேன் அவர் முதுகில் தட்டிக்கொடுத்தார்.

விழா நாள். கொட்டகை ஆளே மாறியிருந்தது. டயர்கள் இருந்த இடத்தில் மேசைகள், மேசைகள் மேல் கழற்றிப் பிரித்த எஞ்சின், எதிரே பத்து நாற்காலிகள். பத்தாவது நாற்காலி காலியாக இருந்தது. முன் வரிசையில் அதிகாரி. பணிமனை முழுக்கக் கேட்கட்டும் என்று வெல்டர் ஒரு ஒலிபெருக்கியைக் கொட்டகையிலும் இன்னொன்றை வாசல் தூணிலும் கட்டியிருந்தார்.

எண்ணெய்க் கறை போகாத மேலங்கியோடும் நெற்றி வரை இறக்கிய தொப்பியோடும் ஃபோர்மேன் மைக்கைப் பிடித்தார். தொண்டை இன்னும் தேறவில்லை. கரகரவென்று டீசல் வண்டி கிளம்புகிற குரல். ஆனால் குரலில் நடுக்கம் இல்லை.

“பயிலுநர்களே! நான் இந்தப் பட்டறைக்குள்ள முதல் நாள் வந்தப்ப என்னைப் பார்த்து என்ன சொன்னாங்கன்னு இங்க சொல்ல மாட்டேன். அந்த வார்த்தைகளை நானும் ரொம்ப நாள் மத்தவங்ககிட்டச் சொல்லியிருக்கேன். அதுல யாரும் நல்லா வேலை கத்துக்கல. பயப்படத்தான் கத்துக்கிட்டாங்க. எந்த வண்டியும் தன்னைத் தொடுற கை யாரோட கைன்னு கேக்கறதில்ல. நட்டைச் சரியா முறுக்கினியா? அதைத்தான் கேக்கும். இனிமே நானும் அதை மட்டும்தான் கேப்பேன்.”

கைதட்டல் எழுந்தது. அதிகாரி நிமிர்ந்து உட்கார்ந்தார். ஒரு வார்த்தை பிசகவில்லை. பெயிண்டர் மூக்கை உறிஞ்சினார்.

அந்த நேரத்தில் வெல்டர் மேடையோரமாக வந்து கிசுகிசுத்தார். “கடிகாரக்காரர் வந்துட்டார். வாசல்லயே நிக்கிறார். பொண்ணு அழுவுது. காலை உள்ள வைக்க மாட்டேங்கிறார்.”

ஃபோர்மேன் காலி நாற்காலியைப் பார்த்தார். பின்னால் மேசைகளைப் பார்த்தார். பத்தில் ஒன்று குறைந்தால் நாளைக்கே இங்கே டயர் வந்து விழும். அந்தப் பெண்ணும் வாசலோடு திரும்பிப் போவாள். போன தடவை இரண்டு பேர் போனது போதாதா? மைக் கையில் இருக்கிறது, ஒலிபெருக்கி வாசலில் இருக்கிறது. தயங்குவானேன்?

“வாசலில் நிற்கும் பெற்றோர் அவர்களே!” தூணில் கட்டிய ஒலிபெருக்கி கடிகாரக்காரரின் காதுக்கு மேலேயே அலறியது. “நீங்க கவலையே படாதீங்க! இனிமே உங்க பிள்ளை என் பொறுப்பு! விடுதியில என் அறைக்குப் பக்கத்து அறையையே ஒதுக்கியிருக்கேன். நடுவுல ஒரு கதவு உண்டு. ராத்திரி பயமா இருந்தா ஒரு தட்டுத் தட்டினாப் போதும், நான் வந்து பக்கத்துலயே படுத்துக்குவேன்!”

கொட்டகை அதிரக் கைதட்டியது. அதிகாரிகூட எழுந்து நின்று தட்டினார்.

வாசலில் கடிகாரக்காரர் மகளின் பெட்டியை ஒரு கையில் தூக்கினார், மகளை மறு கையில் பிடித்தார், திரும்பினார், நடையைக் கட்டினார். வேகத்தில் அவர் கையிலிருந்த பெட்டி மூடி திறந்துகொண்டு, அவள் ஆசையாக வாங்கி வைத்திருந்த புது ஸ்பேனர் ஒன்று தெருவில் விழுந்து உருண்டது.

“போறார்! போயிட்டே இருக்கார்!” என்று ஓடி வந்தார் வெல்டர். “என்ன சொன்னாலும் இந்த வேகம் கூடத்தான் செய்யுது!”

ஃபோர்மேன் மைக்கைப் போட்டார். போட்ட சத்தம் வாசல் ஒலிபெருக்கியில் வெடி மாதிரி கேட்டது. கடிகாரக்காரர் இன்னும் வேகம் பிடித்தார். குழிகளைத் தாண்டி, நிறுத்தி வைத்த பேருந்துகளுக்கு நடுவே புகுந்து ஓடினார் ஃபோர்மேன். பின்னால் வெல்டர், அவர் பின்னால் பெயிண்டர், அவர் பின்னால் அதிகாரி. விதி, விழா எல்லாம் இரண்டாம் பட்சமாகிவிட்டது. வாய்க்குள் ஒரு முழு ‘டேய்’ முட்டிக்கொண்டு நின்றது. அதைக் கடித்து விழுங்கிக்கொண்டே ஓடினார்.

“நில்லுங்க! ஒரு நிமிஷம் நில்லுங்க!” கரகரத்த குரல் தெருமுனையில் எட்டிப் பிடித்தது.

கடிகாரக்காரர் திரும்பவில்லை. மகளைத் தனக்கு முன்னால் தள்ளி மறைத்துக்கொண்டு, தெருவைப் பார்த்தபடியே கத்தினார். “உங்க யாரு பேச்சும் எனக்கு வேணாம்! பக்கத்து அறையாம், நடுவுல கதவாம்! அந்த ஃபோர்மேன் மட்டும் என் கண்ணு முன்னாடி வரட்டும், நறுக்குன்னு நாலு வார்த்தை கேக்கறேன்!”

“கேளுங்க,” என்றார் ஃபோர்மேன், மூச்சிரைக்க. ஓடி வரும்போதே தெருவில் பொறுக்கிய ஸ்பேனரை மேலங்கியில் துடைத்து, அந்தப் பெண்ணிடம் நீட்டினார். “நான்தாங்க ஃபோர்மேன்.”

தொப்பியைக் கழற்றினார்.

கடிகாரக்காரர் கோபம் கொப்பளிக்கத் திரும்பினார். வாயைத் திறந்தார். திறந்த வாய் அப்படியே நின்றது. பல்சக்கரத்தில் தூசி தேடுகிறவர் மாதிரி கண்ணைச் சுருக்கி மேலிருந்து கீழே பார்த்தார். கீழிருந்து மேலே பார்த்தார். பின்னால் மூச்சு வாங்கிக்கொண்டு நின்ற வெல்டரை ஒருமுறை முறைத்தார். பிறகு பெட்டியை மெல்ல மகளின் கையில் கொடுத்தார்.

“உள்ள போ கண்ணு, போய் உன் நாற்காலியில உட்காரு, நேத்து போன்லயும் இன்னிக்கு மைக்லயும் இத்தனை பேசினாங்களே, ஃபோர்மேன் ஒரு பொம்பளைன்னு ஒருத்தர் வாயிலயும் வரலையே!”